குரோம் மூக்கு

வேலூர், சத்துவாச்சாரி
17.06.2024

பூர்ணிமாவுக்கு,

யாருக்குக் கடிதம் எழுதினாலும் ஸ்தோத்திரம் என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். உனக்கு அதை எழுதக் கை வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும்.

நான் எலியாஸின் மனைவி ஹெப்சி. போன புதன்கிழமை ஷிப்ட் விடும் நேரத்தில், ஆம்பூரில் உங்கள் ஷூ கம்பெனி கேட்டில் நின்று உன்னைக் கூப்பிட்டுக் கேட்டவள். அன்று கேட்டது பாதிதான். செக்யூரிட்டி வந்து கையைப் பிடித்ததால் மீதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. போனில் பேசினால் நீ பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்புவாய். உன் நம்பரை என் போனிலும் அவர் போனிலும் பிளாக் செய்துவிட்டேன். அதனால்தான் இந்தக் காகிதம். ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ ஊருக்கு ஓடியிருந்தால் அவர்கள் அங்கே அனுப்பி வைக்கட்டும்.

போன கிறிஸ்துமஸிலிருந்து பார்க்கிறேன். என் புருஷன் தூங்குவதில்லை. சென்னைக்கு ஷூ வாங்க வரும் பையர்களைப் பார்க்கப் போய்வந்தால் விடிய விடிய வீட்டுக்குள் நடக்கிறார், நிறுத்தாமல் பேசுகிறார், சிரிக்கிறார். அப்புறம் இரண்டு நாள் கட்டையாகக் கிடக்கிறார். கேட்டால் எங்கள் பாப்பா முன்னாலேயே எரிந்து விழுகிறார். மீன் குழம்பு என்றால் உயிரை விடுகிறவர் அரைத் தட்டோடு எழுந்துவிடுகிறார். வேறு எங்கே சாப்பிட்டுவிட்டு வருகிறார்? சட்டை தோளில் தொங்குகிறது. இளைத்தால் அழகு என்று சொன்னது நீயா?

செண்டு வேறு. ஏழு வருஷமாக பவுடர் கூடப் பூசாத மனுஷன், இப்போது கார் கதவைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் வாசம் அடிக்கிறது.

மூக்கிலிருந்து ரத்தம் வடிகிறது. தோல் பதனிடும் டேனரியில் இருந்த காலத்தில் குரோம் உப்பு ஏறிய மூக்கு. என் அப்பா கிருபானந்தம் டிரம்மில் தோல் போட்டு வேலை செய்து மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தவர். சர்ச்சில் கண்ணை மூடி ஜெபம் செய்யும்போது அவர் மூக்கு விசில் அடிக்கும், நாங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எங்கள் பக்கத்தில் அதற்குக் குரோம் மூக்கு என்றே பெயர். ரத்தக் கைக்குட்டையைத் துவைக்க நான், செண்டு வாசத்தை முகர நீ. நல்ல பங்குதான்.

இதெல்லாம் என் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவரிடம் நேராகவே கேட்டேன். "யாரு அவ? சாம்பிள் ரூம் பூர்ணிமாவா?" தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா. வுட்டுடு ஹெப்சி. இனிமே போவ மாட்டேன்" என்றார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். மாதிரி ஷூ தைக்கும் அந்தச் சாம்பிள் ரூமில் ஆண்களையெல்லாம் நீ அண்ணா என்றுதான் கூப்பிடுவாயாம். டிரைவர் இன்பராஜிலிருந்து பெரிய மேனேஜர் வரைக்கும் எல்லாரும் அண்ணா. அவரை மட்டும் சார். அதைக் கேட்ட அன்றே உன் பெயரைக் குறித்துக்கொண்டேன். அது ஏன் என்று எனக்குப் புரியாதா? நானும் பெண்தான்.

ஹெப்சி எலியாஸ்


நாட்றம்பள்ளி
21.06.2024

சிஸ்டருக்கு,

வணக்கம். அக்கா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கேட்டில் நீங்கள் பேசியது காதில் இருக்கிறவரை அந்த வார்த்தை வராது. நீங்கள் நர்ஸ் என்பதால் சிஸ்டர்.

அன்றைக்கு வரிசையாகக் கம்பெனி பஸ்கள் நின்றன. எல்லா ஜன்னலிலும் தலைகள். குடியாத்தம் போகிறவர்கள், வாணியம்பாடி போகிறவர்கள், என் ஊர் பெண்கள், எல்லாரும் கேட்டார்கள். நான் வீடு வந்து சேர்வதற்கு முன்னால் நீங்கள் சொன்ன அந்த வார்த்தை எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அப்பா என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். திருப்பத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் செய்தார்கள். அவர்கள் என் ஜாதகத்தை வாங்கவே இல்லை.

உங்கள் கணவருடைய விரல் கூட என்மேல் பட்டதில்லை. இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன், உங்கள் சாமி முன்னாலும் சொல்வேன்.

பிறகு ஏன் அவர் ஆமா என்றார் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தது என் முட்டாள்தனம். போலீஸ் வரைக்கும் போகக்கூடிய விஷயம் என்பதால் காகிதத்தில் எழுதவும் பயமாக இருக்கிறது. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். அவர் போகிற இடத்தில் பெண் கிடையாது. நீங்கள் தப்பான இடத்தில் தேடுகிறீர்கள்.

குரோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் டேனரியை விட்டு எங்கள் கம்பெனிக்குத் தோல் தேர்வு செய்ய வந்து எத்தனை வருஷமாகிறது? குரோம் இத்தனை காலம் காத்திருந்து இப்போது வந்து மூக்கைப் பிடிக்குமா? தூங்காத, சாப்பிடாத, இளைத்துப்போகிற ஆளைப் பார்த்தால் நர்சுக்கு என்ன தோன்ற வேண்டும் என்று நான் சொல்லித் தர முடியாது.

நீங்கள் கொடுத்தனுப்பும் டிபன் டப்பாவை அவர் மூடி திறக்காமல் சாம்பிள் ரூமில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வீணாகப் போகக் கூடாதென்று நாங்கள்தான் பிரித்துச் சாப்பிடுவோம். அந்த மீன் குழம்பைச் சாப்பிடும்போதெல்லாம், இப்படி ஒருத்தி சமைத்துக் கொடுத்தும் இந்த ஆளுக்கு அருமை தெரியவில்லையே என்று எனக்கு வயிறு எரியும். பொறாமை உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

பூர்ணிமா


சத்துவாச்சாரி
28.06.2024

என் குழம்பையும் நீதான் தின்றாயா?

உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் விட அந்த வரிதான் என்னை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. காலையில் ஷிப்டுக்கு ஓடுவதற்கு முன்னால் கூட்டி வைத்து, புளி கரைத்து, அவருக்குப் பிடிக்கும் என்று மாங்காய் போட்டு வைத்த குழம்பு. அதைச் சாப்பிட்டுவிட்டு என் புருஷனுக்கு அருமை தெரியவில்லை என்று எனக்கே எழுதுகிறாய்.

இன்னொன்று, வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். என் புருஷனுக்கும் உனக்கும் நடுவில் எனக்குச் சொல்லக் கூடாத ஒரு வாக்கு இருக்கிறது. அதை எழுதிவிட்டு விரல் கூடப் படவில்லை என்கிறாய். விரல் பட்டிருந்தால் கூட இவ்வளவு எரிந்திருக்காது.

நீ எழுதியதற்காகவே மூக்கைப் பார்த்தேன். நான் பிரசவ வார்டு நர்ஸ்தான், ஆனால் டார்ச் அடித்துப் பார்க்கத் தெரியும். அவர் அசந்து கிடந்தபோது அடித்தேன். ஒரு துவாரத்தில் அடித்த வெளிச்சம் இன்னொரு துவாரத்தில் தெரிந்தது. என் அப்பாவுக்கு இருந்த அதே ஓட்டை, அதே இடத்தில். காத்திருந்துதான் பிடித்திருக்கிறது. மூக்கு டாக்டரிடம் காட்டலாம் என்றால், "டாக்டர்லாம் வேணாம், இன்னா சும்மா பேஜார் பண்ற" என்று கத்துகிறார். அந்த டேனரி மேல் புகார் கொடுக்கப் போகிறேன்.

இப்போது புதிதாக இன்னொரு கூத்து. எங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் ஜான் பாஷா, பேரன் பேத்தி எடுத்தவர், மழை நாளில் என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். அவரையும் என்னையும் சேர்த்துப் பேசுகிறார். என் போனை நோண்டுகிறார், யூனிபாரத்தை முகர்ந்து பார்க்கிறார். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்கிறார். தன் தப்பை மறைக்க என்மேல் பழி போடுகிற இந்தத் தந்திரம் அவருக்குத் தெரியாது. நீ சொல்லிக் கொடுத்திருப்பாய்.

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமலே கிழித்துப் போடுவேன்.

ஹெப்சி


நாட்றம்பள்ளி
09.07.2024

கிழிப்பதாக இருந்தால் கிழியுங்கள் சிஸ்டர். அதற்கு முன்னால் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். கம்பெனியில் யாரும் என் போனை எடுப்பதில்லை. இன்பராஜ் அண்ணாவும் எடுக்கவில்லை.

நேற்று நீங்கள் என் முடியைப் பிடித்து உங்கள் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி வாசலிலிருந்து வெளியே தள்ளினீர்கள். நீங்கள் பார்த்ததைத்தான் பார்த்தீர்கள், காரின் பின் சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்தது. எப்படி அங்கே வந்தது என்று கேட்க உங்களுக்கு நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

ராஜினாமா கடிதம் கொடுக்கத்தான் ஆம்பூர் போனேன். சாம்பிள் ரூமில் என் கத்திரிக்கோலையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். சென்னையிலிருந்து நேராக வந்திருந்தார், முதல் நாள் ராத்திரி அங்கே குடியும் சேர்ந்திருக்கிறது. முகமெல்லாம் வியர்வை. "நெஞ்சு மேல யாரோ ஏறி நிக்கிற மாரி இருக்கு பூர்ணிமா" என்று சொல்லிக்கொண்டே கட்டிங் மேஜையில் சரிந்தார். இன்பராஜ் அண்ணா காரை எடுத்தார், நான் ஏறினேன். ஆம்பூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு உடனே வேலூர் கொண்டுபோங்கள் என்றார்கள். வழியெல்லாம் உங்கள் பெயரைத்தான் சொன்னார்.

உள்ளே டாக்டர் உங்களிடம் ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டதும், நீங்கள் பீடி சிகரெட் கூடக் கிடையாது, டேனரி குரோம்தான் என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. அதனால்தான் நீங்கள் தள்ளத் தள்ளக் கத்தினேன். கொக்கைன் என்று. அத்தனை பேருக்கு நடுவில் அந்த வார்த்தையைக் கத்த எனக்கும் நாக்கு கூசியது. என் வாக்கு அங்கேயே போயிற்று.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தோல் கட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தே எந்த டேனரி சரக்கு என்று சொல்கிறவர் அவர். பிப்ரவரியில் வெள்ளை ஆட்டுத்தோல் ஒரு கட்டு வந்தது. பிரித்ததும் பூசண நாற்றம், எங்களுக்குக் குமட்டியது. அவர் முகத்தருகே கொண்டுபோய், "நல்ல சரக்கு, கட் பண்ணுங்க" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அந்த வெள்ளைத் தோலில் விழுந்தது. பஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தேன். குனிந்தவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. சாம்பிள் ரூமில் வெள்ளைப் பொடி புதிதில்லை, தோலில் தூவும் டால்க் பவுடர் என்று நினைத்து எடுத்தேன். என் கையிலிருந்து அவர் பிடுங்கிய வேகத்தில்தான் புரிந்தது.

அப்புறம் அவரே சொன்னார். சென்னையில் போன வருஷத் தோல் கண்காட்சி சமயத்தில் ஒரு ஏஜென்ட் ஹோட்டல் ரூமில் கொடுத்திருக்கிறான். அசதி தெரியாது, ராத்திரி முழுக்க பையர்களோடு பேசலாம் என்று. முதலில் விழித்திருக்க அது வேண்டியிருந்தது. பிறகு படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே அது வேண்டியிருந்தது. செண்டு எனக்காக இல்லை சிஸ்டர். அவருக்கு வாசனை செத்துவிட்டது. எவ்வளவு அடித்தோம் என்று தெரியாமல்தான் பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார்.

நீங்கள் கேட்டில் கத்திய அன்று ராத்திரி வேறு நம்பரிலிருந்து எனக்குப் போன் செய்தார். "பொம்பள விஷயம்னா ஹெப்சி நாலு நாள் அழுவா, அப்புறம் மன்னிச்சிடுவா. இது தெரிஞ்சா போய்டுவா. நீ கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். என் பெயரை எடுத்துப் போர்வையாகப் போர்த்திக்கொண்டார். அதை நான் மன்னிக்கவில்லை. இருந்தாலும் அவர் சாக வேண்டாம்.

பூர்ணிமா


சத்துவாச்சாரி
15.07.2024

பூர்ணிமா,

உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். ஐசியூவுக்கு வெளியே உட்கார்ந்து படிப்பதற்கு வேறு எதுவும் இல்லை, பைபிளைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அதனால் படித்தேன்.

டாக்டர் என்னிடம் மூன்று தடவை கேட்டார். "சிஸ்டர், சின்ன வயசு, ஏதாவது எடுப்பாரா?" மூன்று தடவையும் இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு ஒரு குரோம் மூக்கும் ஒரு கள்ளக் காதலியும் உண்டு என்பதுதான். இதயம் தறிகெட்டு ஓடுகிறது, பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது என்று வேகத்தைக் குறைக்க ஊசி எடுத்து வைத்துவிட்டார்கள். நீ வாசலிலிருந்து கத்தினாய். டாக்டர் திரும்பிப் பார்த்தார். சிரிஞ்சை எடுத்தவளிடம், "அது வேணாம், வெச்சிடு" என்றார். அந்தப் பொடி உடம்பில் இருக்கும்போது அந்த மருந்தைக் கொடுத்தால், ஏற்கெனவே சுருங்கியிருக்கிற இதயக் குழாய் இன்னும் இறுகிவிடலாமாம். வேறு மருந்து கொடுத்தார்கள். நான் உன் முடியைப் பிடித்திருந்த கையோடு நின்று அதைப் பார்த்தேன்.

இப்போது எல்லாம் தெரியும். பொடி ரத்தக் குழாயைச் சுருக்குகிறது. மூக்கின் நடுச்சுவருக்கு ரத்தம் போகாமல் அது செத்து, அரித்து, ஓட்டையாகிறது. அப்பாவுக்குக் குரோம் செய்ததை இவருக்குப் பொடி செய்திருக்கிறது. இதயத்திலும் அதே சுருக்கம்தான். குடியோடு சேர்ந்தால் உடம்புக்குள்ளேயே இரண்டும் கலந்து இன்னொரு விஷமாகி இன்னும் அதிக நேரம் நின்று தாக்குமாம். முப்பத்தாறு வயது இதயத்தில் ஒரு மூலை செத்துவிட்டது, அது இனித் திரும்பாது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்றார் டாக்டர். திரைக்குப் பின்னால் நின்றதும், ஜான் பாஷாவோடு என்னைச் சேர்த்ததும் கூட அந்தப் பொடி மூளையில் கிளப்பிய சந்தேகம்தானாம்.

நீ காப்பாற்றினாய். நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, இப்போதுதான் ஜாஸ்தியாகிறது. ஒரே கட்டிலில் படுக்கிறவள் நான். நாடி பார்க்கத் தெரிந்தவள் நான். என்னிடம் மறைத்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறார். நெஞ்சு வலித்தபோது உன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் விழுந்திருக்கிறார், நீயே எழுதியிருக்கிறாய். உன்னிடம் ஏன் சொன்னார்? நீ அவரை ஏன் அண்ணா என்று கூப்பிடவில்லை? இரண்டுக்கும் ஒரே பதில்தானா? மழுப்பாமல் எழுது.

ஹெப்சி


நாட்றம்பள்ளி
22.07.2024

சிஸ்டர்,

உயிரோடு இருக்கிறார் என்ற வரியை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா விளக்கேற்றிவிட்டு, என்னைத் திட்டவும் செய்தாள்.

மழுப்பாமல் எழுதுகிறேன். அவரை அண்ணா என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவர் தோலை விரித்து ஒரு கையால் தடவிப் பார்த்து, எந்த இடத்தில் எந்தத் துண்டு வெட்ட வேண்டும் என்று சொல்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பிடித்திருந்தது. கல்யாணமானவர், அதனால் சார் என்று ஒரு வேலி போட்டுக்கொண்டேன். அண்ணா என்றால் பொய்யாகிவிடும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தப்பாகிவிடும். நீங்கள் மோப்பம் பிடித்தது சரிதான், ஆனால் அந்த வேலியைத் தாண்டி யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் அவர் கவனித்திருக்க மாட்டார். அவருக்கு அப்போது அந்தப் பொடியைத் தவிர யாருமே கண்ணில் படவில்லை, நீங்களும் படவில்லை, நானும் படவில்லை.

என்னிடம் ஏன் சொன்னார் என்று நானும் நாள்கணக்கில் யோசித்தேன். நான் அவருக்கு யாரும் இல்லை என்பதால்தான். நான் காறித் துப்பிவிட்டுப் போனால் அவருக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. நீங்கள் போய்விடுவீர்கள் என்றுதான் பயந்தார், அதனால்தான் உங்களிடம் வாய் திறக்கவில்லை. அவர் என்னிடம் சொன்னதை நினைத்து உங்களுக்கு எரிகிறது. எனக்கு அங்கேதான் எரிகிறது. என்னை இழந்துவிடுவோம் என்று இதுவரை யாரும் பயந்ததில்லை.

சரி. அவர் பிழைத்துவிட்டார். இப்போது என் விஷயம். ஆம்பூரிலும் இங்கேயும் நான் இன்னும் அந்த வார்த்தையோடுதான் நடக்கிறேன். கம்பெனியில் என் ராஜினாமாவை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் எந்த ஷூ கம்பெனி சாம்பிள் ரூமுக்குப் போனாலும் அங்கே யாராவது ஒருத்திக்கு அன்றைக்கு நடந்தது தெரிந்திருக்கும். நீங்கள் எனக்குத் தனியாகக் கடிதம் எழுதி என் பெயர் சரியாகாது. கேட்டில் சொன்னதைக் கேட்டிலேயே திருப்பி எடுக்க வேண்டும். அப்படியானால் பொடி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், அவர் வேலையும் போகும். தெரிந்துதான் கேட்கிறேன். நான் நல்லவளாக இருந்து இருந்து அலுத்துப்போய்விட்டேன்.

உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால், இனிமேல் அவரை எங்கே பார்த்தாலும் அண்ணா என்றே கூப்பிடுகிறேன்.

பூர்ணிமா


சத்துவாச்சாரி
02.09.2024

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

ஸ்தோத்திரம்.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் காரணம் சோம்பலில்லை, பயம்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் போதை மீட்பு மையத்தில் இருக்கிறார். முதலில் சும்மா தூங்கினார், எழுந்தால் பசி பசி என்றார். அப்புறம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பாப்பாவின் போட்டோவைக் காட்டினாலும் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அந்தப் பொடி சந்தோஷத்தையெல்லாம் மொத்தமாக எடுத்துச் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறது, மூளை அதைத் திரும்பச் சேர்க்க மாதக்கணக்காகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஒருநாள் கவுன்சிலிங் செய்யும் அம்மா அவரிடம், முதல் தடவை எடுத்தபோது எப்படி இருந்தது என்று கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். பூர்ணிமா, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கண் மின்னியது, உதட்டோரம் சிரிப்பு வந்தது. கல்யாணத்தன்று அந்த முகத்தை நான் பார்க்கவில்லை, பாப்பா பிறந்த அன்றும் பார்க்கவில்லை. இத்தனை மாதம் உன்னைக் கரித்துக் கொட்டினேனே, என் சக்களத்தி அன்றைக்குத்தான் எனக்கு நேரில் தெரிந்தாள். உன் முடியைப் பிடித்து இழுக்க முடிந்தது. அவளை எங்கே பிடிப்பது?

கேட் விஷயத்தை அவரிடம் சொன்னேன். "வேணாம் ஹெப்சி, பேரு போய்டும், அப்புறம் இந்த லைன்ல ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தி பேரு ஏற்கெனவே போய்டுச்சி. நீங்க போத்திக்கினு இருக்கறது அவளோடது" என்றேன். கையை விட்டார். வேலை போனால் என் சம்பளம் ஒன்றை வைத்து என்ன செய்வது என்று யோசித்து யோசித்துத்தான் இத்தனை வாரம் கடத்தினேன். உன்னிடம் மறைப்பானேன், நீ ஊரை விட்டே போய்விட்டால் நல்லது என்று கூட ஒருநாள் நினைத்தேன்.

போன புதன்கிழமை போனேன். அதே நேரம், அதே இடம், அதே பஸ்கள். என்னைப் பார்த்ததும் செக்யூரிட்டி பாதி ஓடி வந்தான். சாம்பிள் ரூம் பெண்கள் வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். என் புருஷனுக்கு எந்தப் பெண்ணோடும் தொடர்பில்லை, அவருக்குக் கொக்கைன் பழக்கம், அதில்தான் நெஞ்சு வலி வந்தது, பூர்ணிமா கத்தியதால்தான் பிழைத்தார், நான் அவளைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய் என்று. அவர்களில் உங்கள் அஃப்ரோஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப எங்க பூர்ணிமா மேல ஒன்னும் தப்பில்லையா?" என்றாள். "இல்லம்மா. தப்பு அவர் மேல, அப்புறம் என் மேல" என்றேன். அவள் அழுதுவிட்டாள். பஸ் ஜன்னல்களில் உன் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள், அதையும் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் மேனேஜர் நயீம் அகமது பாய் வெளியே வந்து, "உள்ள வந்து சொல்லியிருக்கலாமே சிஸ்டர், ரோட்ல நின்னு ஏன்?" என்றார். "ரோட்லதான் கெடுத்தேன், ரோட்லதான் சொல்லணும்" என்றேன். என் புருஷன் வேலை போய்விட்டது. உன்னைத் திரும்ப வேலைக்கு பாய் கூப்பிடுவார். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று தோன்றியது. என் யூனிபாரத்தை முகர்ந்து பார்த்தாரே, அந்தச் சந்தேகம் அவருக்குப் பொடியால் வந்தது. பொடி நின்றதும் அதுவும் நின்றுவிட்டது, ஜான் பாஷாவை நினைத்து வெட்கப்படுகிறார். எனக்கு வந்த சந்தேகத்துக்கு எந்தப் பொடியும் வேண்டியிருக்கவில்லை. அதனால் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை. இப்போதும் உன் கையெழுத்தைப் பார்த்தால் ஒரு எரிச்சல் வந்துவிட்டுத்தான் போகிறது.

அண்ணா என்று கூப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். மனசு வராத வார்த்தையை எனக்காகச் சொல்லாதே. சார் என்றே கூப்பிடு. கேட்டால் எனக்கு எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லி மூடி வைத்தது போதும்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாங்காய் கிடைத்தால் போட்டு மீன் குழம்பு வைக்கப் போகிறேன். அவருக்கு வாசனை இன்னும் வரவில்லை, வருமா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. எதை வைத்தாலும் நல்லா இருக்கு என்கிறார். பாப்பாவுக்குக் காரம் ஆகாது. குழம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல இப்போது உன்னை விட்டால் ஆளில்லை. ஒரு மணிக்குள் வந்துவிடு, ஆறிவிடும்.

அக்கா ஹெப்சி